ஆள் வருது

லைன் வீட்டுப் பிள்ளைகளே,

பிள்ளைகள் என்று எழுதியதற்கு மன்னிக்கவும். நம் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் பேரன் பேத்தி படத்தை முகப்பில் வைத்திருக்கிறோம். மீதிப் பேர் பத்து வருஷத்துக்கு முன் எடுத்த தங்கள் படத்தையே வைத்திருக்கிறோம். நான் இரண்டாவது ரகம்.

ஜவ்வாது மலை மேல் நாம் குடியிருந்த லைன் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிய படத்தைப் போன வாரம் மண்டிக்காரர் மகன் குழுவில் போட்டார். உடனே அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளுமாகக் குவிந்தன. ‘சாதி இல்ல, மதம் இல்ல, ஒரே குடும்பமா இருந்தோம்’ என்று ஒருவர் எழுதினார். ‘அந்த மாதிரி ஒரு தெரு இனிமே உலகத்துலயே இல்ல’ என்று இன்னொருவர். எல்லோரும் வேன் வைத்துக்கொண்டு ஒருநாள் மேலே போய்வரலாம் என்று முடிவாயிற்று. கடைசியாக டெய்லர் பாய் மகன், ‘நம்ம ஜன்னல் ராணிக்கு ஜன்னல் சீட் போட்டு வெச்சாச்சு!’ என்று எழுதி நான்கு சிரிப்பு முகங்களை ஒட்டியிருந்தார்.

ஜன்னல் ராணி நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. இன்று என்னை ஒரு பஸ் ஜன்னல் வழியாக உள்ளே தள்ள வேண்டுமென்றால் முதலில் பஸ்ஸைப் பிரிக்க வேண்டும்.

நான் அந்தச் செய்திக்குப் பதில் போடவில்லை. போட உட்கார்ந்தேன், இவ்வளவு நீளமாகிவிட்டது.

குழுவில் மருமகள்கள், மாப்பிள்ளைகள் என்று அந்தத் தெருவைப் பார்த்தே இராதவர்களும் இருப்பதால் விவரமாகவே சொல்கிறேன். பஸ் வந்து திரும்புகிற அளவுக்குச் சமதளம் இருந்தால் மலையில் அந்த இடத்துக்கு டவுன் என்று பெயர். எங்களுடையது டவுன். பஸ் திரும்பும் மைதானத்துக்கு எதிரே ஒரே பின்சுவரைச் சேர்ந்து பகிர்ந்துகொண்ட ஆறு வீடுகள், ஒரு குழாய், கோடியில் ஒரு கழிப்பறை. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கஷாயம் கொதிக்க ஆரம்பிக்கும்.

முதல் வீடு புளி மண்டிக்காரருடையது. திருப்பத்தூர்க்காரர். மலைக்காரர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவரும் புளியும் தேனும் அவர் வாசலில்தான் இறங்கும். எங்கள் தெருவில் வாயில் எச்சில் ஊறாமல் யாரும் நடந்ததில்லை. இரண்டாவது வீடு எங்களுடையது. அப்பா யூனியன் ஆபீஸ் கிளார்க், கண்ணமங்கலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மலைக்கு மாற்றல் என்றால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் எல்லோருமே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாவது வீட்டு டெய்லர் பாய் வாணியம்பாடிக்காரர். பிள்ளைகளை உருதுவில் திட்டுவார், சட்டை கேட்டு வந்தவர்களைத் தமிழில் சமாதானப்படுத்துவார். பள்ளிக்கூடத்துச் சீருடைகள் அத்தனையும் அவர் மிஷினில் பிறந்தவைதான். வளர்ந்துகொள்ளட்டும் என்று தாராளமாக வெட்டுவார். நாங்கள் யாரும் அந்த அளவுக்கு வளரவில்லை. நான்காவது வீட்டு டீச்சர் சித்தூர்ப் பக்கம். கோபம் வந்தால் அடங்குவதற்காகத் தெலுங்கில் பத்து வரை எண்ணுவார், பத்து முடிந்ததும் அடிப்பார். அதனால் எங்கள் எல்லோருக்கும் தெலுங்கில் பத்து வரை தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஐந்தாவது வீட்டு நர்ஸம்மா கன்னியாகுமரியிலிருந்து வந்தவர். தனி ஆள். மேட்டிலிருந்த சுகாதார நிலையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பைபிளும் மீன் ஊறுகாயும். வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரையும் ‘மக்களே’ என்பார். முதல் முறை அப்படிக் கூப்பிட்டபோது அப்பா பின்னால் திரும்பி, வேறு யாரையோ என்று பார்த்தார்.

ஆறாவது வீடு கழிப்பறைக்குப் பக்கத்தில். அதில் ஒரு அம்மாவும் மகளும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அந்த அம்மா பள்ளி விடுதியில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்தார். வீட்டுக்காரர் காப்பித் தோட்ட வேலைக்குக் குடகுப் பக்கம் போயிருந்தார். எப்போதாவது வருவார், வந்த வேகத்தில் போய்விடுவார். நாம் அவர்களைக் ‘கடைசி வீட்டுக்காரங்க’ என்போம். கோபமாக இருந்தால் ‘மலைக்காரங்க’. ஏதோ நாம் எல்லோரும் கடற்கரையில் குடியிருந்த மாதிரி. மலையில் இருந்த அந்த லைனில் மலைக்காரர்கள் ஒரே ஒரு வீடுதான், அதுவும் கழிப்பறை ஓரம் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. நான் நிறையப் படித்தவள் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறார்கள்.

தெருவுக்கு ஒரு முறை இருந்தது, நினைவிருக்கும். ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. பாய் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்த தூக்கு, டீச்சர் வீட்டுப் புளிஹோராவோடு திரும்பும். நர்ஸம்மாவின் டப்பா எங்கள் வீட்டு அதிரசத்தோடு போகும். கடைசி வீட்டுக்கு நாம் கொடுத்தது பெரும்பாலும் மீந்ததுதான். அங்கிருந்து திரும்பும்போது பாத்திரத்தில் சாமை அரிசி இருக்கும், அல்லது நெல்லிக்காய், அல்லது ஒரு கரண்டி தேன். நாம் கொடுத்ததைவிட எப்போதும் அது ஒசத்தி. ‘அதுங்களுக்கு மலையில சும்மா கெடைக்குது’ என்பாள் அம்மா, தேனை நக்கிக்கொண்டே.

தெருவின் இன்னொரு முறைதான் நான் சொல்ல வந்தது.

ராத்திரி நம் ஊரில் தங்கும் பஸ், காலை ஆறரைக்குத் திருப்பத்தூர் கிளம்பும். அடுத்தது மதியம் இரண்டு மணிக்கு. ஆறரை வண்டியில் இடம் பிடிப்பது என்பது கதவு திறந்த பிறகு நடக்கிற காரியமில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னலில் குறுக்குக் கம்பி கழன்று போயிருந்தது. அதற்குள் நுழைகிற உடம்பும் ஆசையும் தெருவிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான். டெய்லர் பாய் இரண்டு கையையும் கோத்துப் படி மாதிரி வைப்பார், நான் காலை வைத்து ஏறுவேன். ‘அரே பேட்டி, மெதுவா! பாவாடை கிழிஞ்சா நான்தான் தைக்கணும்’ என்பார். உள்ளே விழுந்ததும் வெளியிலிருந்து பொருள்கள் வரும். அப்பாவின் குடை, டீச்சரின் கைப்பை, பாய் வீட்டம்மாவின் டிபன் கேரியர், யாரோ ஒருவரின் ஒற்றைச் செருப்பு. எந்தப் பொருள் எந்த இடத்தில் என்று எனக்கு மனப்பாடம். கதவு திறந்து கூட்டம் ஏறும்போது நான் நடுவில் நின்றுகொண்டு, கையை நீட்டி நீட்டி இரண்டே வார்த்தை சொல்வேன்.

‘ஆள் வருது!’

அந்த இரண்டு வார்த்தைக்கு இருந்த மரியாதையை இன்று எந்தச் சட்டத்துக்கும் நான் பார்க்கவில்லை. மீசை வைத்த ஆட்கள் ஒரு செருப்பைப் பார்த்து ஒதுங்கி நிற்பார்கள். பத்து வயதில் அவ்வளவு அதிகாரம் கிடைத்தால் மனுஷி உருப்பட மாட்டாள். நான் உருப்படவில்லை, நகைச்சுவை எழுதுகிறேன்.

கடைசி வீட்டுப் பெண்ணுக்கும் என் வயதுதான். அவளுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. காதில் தோட்டுக்குப் பதிலாக வேப்பங்குச்சி போட்டிருப்பாள். டெய்லர் பாய் எனக்குத் தைத்து, நான் கட்டிப் பழசாகிப்போன பச்சைப் பாவாடையைக் கட்டியிருப்பாள். நான் ஜன்னலில் தொங்குவதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டே ஒருநாள் கேட்டாள்.

“வாசப்படி இருக்கச் சொல்ல ஜன்னல்ல இன்னாத்துக்கு ஏர்ற?”

“எடம் புடிக்கத்தான்.”

“எடம் அங்கியேதானே கீது. அது எங்க ஓடிடப் போவுது?”

“மத்தவங்க வந்து ஒக்காந்துடுவாங்க இல்ல?”

“ஒக்காரட்டும். அவங்க எறங்கனா நாம ஒக்காந்துக்கலாம்.”

அவளோடு விவாதம் செய்ய முடியாது. மலைக்காரர்கள் பஸ் ஏறுகிற விதமே அப்படித்தான். எல்லோரும் ஏறி முடிகிற வரை ஓரமாக நிற்பார்கள், பிறகு ஏறி, இடம் இருந்தால் உட்காருவார்கள், இல்லாவிட்டால் நின்றுகொண்டே வருவார்கள். நானும் அவளும் புளியங்கொட்டையை வைத்து விளையாடுவோம். அதிலும் அவள் அப்படித்தான். ஜெயித்தால் கொட்டைகளை எனக்கே திருப்பிக் கொடுத்துவிடுவாள், அடுத்த ஆட்டத்துக்கு என்னிடம் கொட்டை வேண்டுமே என்று.

அந்த வைகாசியில் மண்டிக்காரரின் மூத்த மகளுக்குத் திருப்பத்தூரில் கல்யாணம். அவர் குடும்பத்தோடு முன்னாடியே கீழே போய்விட்டார். முகூர்த்தத்தன்று தெருவே ஆறரை வண்டியில் போவதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் ஆளாளுக்கு என்னிடம் பொருளைக் கொடுத்துவிட்டார்கள். நர்ஸம்மா கொடுத்தது ஒரு வெள்ளைத் துண்டு. நீலக் கரை, மருந்து வாசனை. “எனக்கு ஒரு ஜன்னல் ஓரம் பிடி மக்களே, வளைவு வந்தா எனக்கு வயித்தப் பொரட்டும்” என்றார்.

கடைசி வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். எனக்குத் தெரியும், ஆனால் காய்ச்சல் எல்லோருக்கும் வருவதுதானே என்று இருந்துவிட்டேன். கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள எனக்குப் புதுப் பட்டுப் பாவாடை வந்திருந்தது.

காலையில், விடிந்தும் விடியாத நேரம், நான் கை நிறையக் குடையும் பையும் துண்டுமாக மைதானத்துக்கு ஓடினேன். கடைசி வீட்டு வாசலில் நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார். கல்யாணப் புடவை இல்லை, வேலைக்குப் போகிற வெள்ளைப் புடவை. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

“மக்களே, ஒரு நிமிசம் இங்க வா.”

“எடம் போட்டுட்டு வர்றேன் நர்ஸம்மா!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். பாய் ஏற்கெனவே ஜன்னலுக்குக் கீழே கையைக் கோத்துக்கொண்டு நின்றார். ஏறி விழுந்தேன். இடம் போட்டேன். திரும்பி வரவில்லை.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

கதவு திறந்தது. கூட்டம் ஏறியது. என் அதிகாரம் வழக்கம்போல் செல்லுபடியாயிற்று. அப்பா, அம்மா, டீச்சர், பாய், பாய் வீட்டம்மா எல்லோரும் சரிகையும் ஜவ்வாதும் மல்லிகையுமாக அவரவர் பொருளை எடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் பக்கத்து எஞ்சின் பெட்டி மேல் கல்யாண வீட்டுக்குப் போகிற பலாப்பழங்களை வரிசையாக அடுக்கியிருந்தது. பலாப்பழங்களுக்குக்கூட அன்று உட்கார இடம் கிடைத்திருந்தது.

அப்போதுதான் கடைசி வீட்டம்மா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். கூட்டத்தை மெதுவாக விலக்கிக்கொண்டு நேராக வந்து, நான் போட்டிருந்த நீலக் கரைத் துண்டை எடுத்து மகள் மேல் போர்த்திவிட்டு, அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார்.

நான் பதறிப்போனேன். “அது நர்ஸம்மா எடம். ஆள் வருது.”

“நர்ஸம்மாதான் பாப்பா ஒக்காரச் சொல்லிச்சி” என்றார்.

டீச்சர் திரும்பினார். “நர்ஸம்மா கல்யாணத்துக்கு வர்றாங்களே? அவங்க எங்க ஒக்காருவாங்க?”

“அவங்க வரலைங்க. ஒரு பிரசவம்னு ஆள் வந்து இட்டுனு போய்ட்டாங்க. பாப்பாவ இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, எந்துண்டு போட்ட எடத்துல ஒக்காந்துக்கோன்னு சொன்னாங்க.”

என் அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதை நான் எப்போதும் மறக்க மாட்டேன், ஏனென்றால் இப்போது கண்ணாடியில் என் முகத்திலும் சில சமயம் வருகிறது. “நல்லாத்தான் சொல்றா” என்றாள் பாய் வீட்டம்மாவிடம்.

அப்பா எழுந்து வந்தார். அவர் கெட்டவர் இல்லை. எதற்கும் ஒரு முறை வேண்டும் என்பவர். “யம்மா, நர்ஸம்மா வரலைன்னா எங்ககிட்ட சொல்லியிருப்பாங்க இல்ல? ஒரு சீட்டாவது எழுதிக் குடுத்துவுட்டாங்களா?”

“அவசரத்துல எங்கிங்க எழுதறது?”

அப்பா என் பக்கம் திரும்பினார். “நர்ஸம்மா உங்கிட்ட இன்னா சொன்னாங்க?”

பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. “எனக்கு ஒரு ஜன்னல் ஓரம் புடின்னாங்க” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. முதல் நாள் சாயங்காலம் அவர் சொன்னது அதுதான். காலையில் கையைத் தூக்கிக் கூப்பிட்டதை மட்டும் சொல்லவில்லை. கூப்பிட்டும் போகாததற்கு அப்பா திட்டுவார் என்று பயம். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமோ என்று எத்தனையோ வருஷம் தேடிப் பார்த்தேன். இல்லை.

“கேட்டியா?” என்றார் அப்பா. “எழுந்திரும்மா. நின்னுக்கினே வா, பரவாயில்ல.”

“இவ்ள தூக்கினு வளைவுல எப்படிங்க நிக்கறது? கீழ ஒக்காந்துக்கறேன்.”

கண்டக்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “வழியில ஒக்காராதம்மா. மிதிச்சிடுவாங்க. வேணும்னா ரெண்டு மணி வண்டியில வா, காலியா வரும்.”

பாய் தொண்டையைக் கனைத்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பாய் வீட்டம்மா அவர் முழங்கையைத் தொட்டார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கடைசி வீட்டம்மா சண்டை போடவில்லை. “நான் போய் நர்ஸம்மாவையே இட்டாந்து சொல்ல வெக்கறேங்க. வண்டிய கொஞ்சம் நிறுத்தி வையுங்க” என்றார். மகள் மேல் போர்த்தியிருந்த துண்டை எடுத்து, அழகாக மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். அவள் தலை அம்மா தோளில் அப்படியும் இப்படியும் ஆடியது. கண் பாதி திறந்திருந்தது. என்னைப் பார்த்தாளா என்று தெரியாது. பச்சைப் பாவாடை. அந்த அம்மா இறங்கி, மேட்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அப்பா கண்டக்டரிடம் சொன்னார். “நர்ஸம்மா வரணும். ஒரு அஞ்சு நிமிஷம் பாருங்க சார்.”

நர்ஸம்மா என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். அஞ்சு நிமிஷம் பார்த்தார்கள். ஓட்டுநர் மூன்று முறை ஹாரன் அடித்தார். வரவே போகாத ஆளுக்காக ஒரு பஸ் முழுக்கக் காத்திருந்தது, வந்த ஆளை இறக்கிவிட்டுவிட்டு. பிறகு, முகூர்த்தம் தவறிவிடும் என்று யாரோ சொல்ல, வண்டி கிளம்பியது.

முதல் கொண்டை ஊசி வளைவில் டீச்சர் மெல்லக் கேட்டார். “அப்போ அந்தம்மா சொன்னது நெஜம்தானா?”

அப்பா குடையின் மடிப்பைப் பிரித்து, சரியாகச் சுற்றி, மறுபடி பிரித்தார். “அவங்களுக்கு வேற வேல வந்திருக்கும்” என்றார் கொஞ்சம் கழித்து. நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் என் பக்கத்து இடத்தைக் காட்டி, “ஆள் வருதா பாப்பா?” என்று கேட்டார்.

“ஆள் வருது” என்றேன், பழக்க தோஷம். ஓடுகிற பஸ்ஸில். யாரும் சிரிக்கவில்லை. அவரும் உட்காரவில்லை. அந்தத் துண்டு மட்டும் ஜன்னலோரமாக, காற்று வாங்கிக்கொண்டு, திருப்பத்தூர் வரை உட்கார்ந்தே வந்தது. பறந்துவிடாமல் நான் அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணச் சாப்பாடு நன்றாக இருந்தது. நான் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டேன். இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன்.

மதிய வண்டியில் மலை ஏறினோம். பாதி வழியில், குறுகலான ஒரு வளைவில், மேலிருந்து இறங்குகிற இரண்டு மணி வண்டி எதிரே வந்தது. எங்கள் வண்டி பின்னால் போய் ஒதுங்கி வழி விட்டது. அந்த வண்டி உரசுகிற மாதிரி எங்களைக் கடந்தது. கண்டக்டர் சொன்னது சரிதான். காலியாக வந்தது. முதல் இருக்கையில் கடைசி வீட்டம்மா. மடியில் பச்சைப் பாவாடை தெரிந்தது. கைக்கு எட்டும் தூரம். அந்த அம்மா எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் வண்டியில் இருந்த எல்லோரும் பார்த்தோம். யாரும் கூப்பிடவில்லை.

அவள் மூன்றாவது நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

காலையிலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்பது யாருக்கும் தெரியாது. அந்த ‘தெரியாது’வைத்தான் நம் தெரு பல வருஷம் விரித்துப் படுத்துத் தூங்கியது. ‘விதி முடிஞ்சிச்சின்னா ஆறரை வண்டி இன்னா, ரெண்டு மணி வண்டி இன்னா’ என்றாள் அம்மா. துக்கத்துக்கு எல்லா வீட்டிலிருந்தும் சாப்பாடு போயிற்று. ‘ஒரே குடும்பமா இருந்தோம்’ என்றீர்களே, அது இதுதான். புளிஹோரா போயிற்று, ரொட்டி போயிற்று, எங்கள் வீட்டுச் சாம்பார் சாதம் போயிற்று. மறுநாள் காலையில் பாத்திரங்கள் எல்லாம் அவரவர் வாசலில் இருந்தன. பளபளவென்று தேய்த்து, வெறுமையாக.

நர்ஸம்மா எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு முறை வந்தார். உட்காரவில்லை. “நான் சொன்னேன்னு அவ சொன்னாளா?” என்று அப்பாவிடம் கேட்டார்.

“சொன்னாங்க, ஆனா எங்களுக்கு எப்படி...”

“சொன்னா இல்லியா?”

“சொன்னாங்க.”

நான் துவைத்து மடித்து வைத்திருந்த துண்டை நீட்டினேன். “அது உன்கிட்டயே இருக்கட்டும் மக்களே. நீயில்லியா காவல் காத்தே” என்றார். அந்த வருஷமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். துண்டைக் கொஞ்ச நாள் கொடியில் பார்த்தேன், பிறகு அடுப்படியில் கரித்துணியாகப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை.

அப்பா இதைப் பற்றிக் கடைசி வரை பேசவில்லை. அவர் போன பிறகுதான் அம்மா ஒன்று சொன்னாள். கண்ணமங்கலத்தில் இருந்தபோது, வாய்வார்த்தையை நம்பி யாருக்கோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அதற்காகத்தான் மலைக்குத் தூக்கியடித்தார்கள். அதன் பிறகு எழுத்தில் இல்லாத எதையும் அவர் நம்பியதில்லை. இதைக் கேட்டபோது அவர் மேல் எனக்குக் கோபம் குறையும் என்று நினைத்தேன். குறைந்தது. ஆனால் அந்தக் கோபம் போய் உட்கார வேறு இடமும் இல்லாமல் என்னிடமே வந்துவிட்டது.

இனி வேன் விஷயம்.

போன தை மாதம், மலையில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். திருப்பத்தூரில் பஸ் ஏறினேன், வாசப்படி வழியாக. ஒரே ஒரு இடம்தான் காலி. அதன் மேல் ஒரு மஞ்சள் பை. பக்கத்தில் ஜன்னலோரமாக ஒரு வயதான அம்மா.

“ஆள் வருதாம்மா?” என்று கேட்டேன்.

“யாரும் வரல. ஒக்காரு கண்ணு” என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

குரலில் தெரிந்துவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் மூக்குக் கண்ணாடி, நரை, பெருத்த உடம்பு எல்லாம் ஒருநாளாவது உதவட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மலை ஏற ஆரம்பித்ததும் அவரே கேட்டார்.

“நீ கிளார்க்கு பொண்ணுதானே? ஜன்னல்ல ஏர்ற பாப்பா?”

“ஆமாம்மா.”

“அப்பா அம்மா?”

“ரெண்டு பேரும் இல்ல.”

“ம். எத்தினி பசங்க?”

“ஒரு பொண்ணு.”

“நல்லா கீதா?” என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். மன்னிப்பு என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, நேற்று நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

“அன்னிக்கு நான் பொய் சொல்லல பாப்பா. நர்ஸம்மாதான் ஒக்காரச் சொல்லிச்சி.”

“தெரியும்மா.”

அவர் மெதுவாகத் திரும்பினார். “தெரியுமா? எப்போலேந்து?”

காகிதம் இல்லாமல் மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிறவள் நான். மூன்றே வார்த்தை சொன்னேன். “அன்னிக்கே. மொத வளைவுலயே.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

அவர் தலையை ஆட்டினார். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மற்ற ஐந்து வீட்டிலிருந்து ஒரு ஆளாவது வரும் என்று இருந்திருப்பார் போலிருக்கிறது. அடுத்த வளைவு வந்தபோது, மடியில் இருந்த மஞ்சள் பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். இரண்டு பேர் உட்காருகிற இருக்கை அது. நான் பாதி உடம்பு வெளியே தொங்க மேலே வரை போனேன். அவர் இறங்குகிற இடத்தில் எழுந்து வழி விட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, எல்லோரும் இறங்கட்டும் என்று ஓரமாக நின்று, கடைசியாக இறங்கினார்.

விழாவில் நன்றாகவே பேசினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

டெய்லர் பாய் மகனே, வேனில் எனக்கு ஜன்னல் சீட் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடு. கடைசி நேரத்தில் யாராவது ஏறி அந்த இடத்தைக் காட்டிக் கேட்டால், துண்டு இருந்தாலும் சரி, செருப்பு இருந்தாலும் சரி, உட்காரச் சொல். ஆள் வரவில்லை.